அழுத்திப் பேசும் அழைப்பு

அழுத்திப் பேசும் அழைப்பு அல்லது புஷ் டு டாக் என்பது கைப்பேசியை வாக்கி டாக்கியைப் போலப் பயன்படுத்தும் முறையாகும். மறுமுனையில் ஒருவர் அழைப்பை எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் சிறு ஒலி கேட்கும். அதன்பின் பேசினால் குழுவில் இணைந்துள்ள அனைவருக்கும் கேட்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும். ஒலிக்கு முன்பே பேசினால் முதற்சொல் விடுபடும். பேசி முடித்தும் விரலை எடுக்காவிட்டால் மற்றவர் பேச இயலாது.

அமெரிக்காவின் நெக்ஸ்டெல் நிறுவனம் 1990களில் இச்சேவையைப் பரவலாக்கியது. அதன் வலையமைப்பு 2013இல் மூடப்பட்டது. இன்று இச்சேவை இணையச் செயலிகள் வழியாகக் கிடைக்கிறது.

கையடக்க வாக்கி டாக்கி பொதுவாகச் சில கிலோமீட்டர் தொலைவுக்கே எட்டும். கைப்பேசியிலோ, திருச்சி அரியமங்கலத்தில் உள்ள லாரி அலுவலகம் சென்னையில் நிற்கும் ஓட்டுநர்களிடம் பேசலாம். குரல் தரவாக மாறி, கைப்பேசிக் கோபுரங்கள் வழியாகச் செல்வதே காரணம். இதன் குறையும் அதுவே. கோபுரம் செயலிழந்தால் அடுத்த தெருவில் இருப்பவரையும் அழைக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கைப்பேசிச் சேவை முடங்கியபோது, அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் தகவல் பரிமாற்றத்துக்கு உதவினர்.

ஆகவே அவசரப் பணிகளுக்குத் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. அதற்கான அழுத்திப் பேசும் தரத்தை 3ஜிபிபி அமைப்பு 2016இல் வெளியிட்டது. இதில் அவசர அழைப்புக்கு முன்னுரிமை உண்டு. இந்திய ரயில்வே தனக்கென வலையமைப்பை அமைத்துக்கொள்ள, 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கீட்டுக்கு மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்தது.