செவ்வாய்ப் பயணமும் நெடுந்துயிலும்: விழிக்கும்போது மூளை என்ன சொல்லும்?

செவ்வாய்க் கிரகத்திற்கு ஆறு பேர் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேருவதற்கு மட்டும் ஏறத்தாழ 6 முதல் 9 மாதங்கள் ஆகும். ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.84 கிலோ பிராணவாயுவைச் செலவழிக்கிறான். உணவு, தண்ணீர், துணிமணி, நடமாட இடம் எல்லாம் இதற்கு மேல். வழியில் கடைத்தெரு கிடையாது. எல்லாவற்றையும் பூமியிலிருந்தே சுமந்து செல்ல வேண்டும்.

சுமை ஒருபுறம் இருக்க, பொழுது போகாமை என்னும் தொல்லை வேறு. 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை மாஸ்கோவில் ஆறு பேரை ஒரு போலி விண்கலத்தில் 520 நாட்கள் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். நாளாக ஆக அவர்கள் அசைவதே குறைந்துவிட்டது. படுப்பதும் ஓய்வதும் கூடின. பெரும்பாலோருக்கு உறக்கத்திலோ விழிப்புணர்விலோ ஏதாவது ஒரு கோளாறு தலைகாட்டியது. இத்தனைக்கும் அவர்கள் பூமியை விட்டு ஓரடிகூட நகரவில்லை!

சரி, பயணிகளைப் பேசாமல் உறங்க வைத்துவிட்டால் என்ன? இது கதாசிரியர்களின் பழைய யோசனை. 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்னும் திரைப்படத்தில் மூன்று வீரர்கள் பெட்டிக்குள் துயிலில் கிடந்தபடியே பயணம் செய்கிறார்கள். இப்போது விண்வெளி நிறுவனங்களே இதை ஆராய்கின்றன. ஆறு பேரைத் துயிலில் ஆழ்த்தினால் கலத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2019இல் கணக்கிட்டுச் சொன்னது.

ஆனால் இங்கே சாதாரண உறக்கம் பயன்படாது. உறங்கும் மனிதனும் மூச்சு விடுகிறான். அவன் உடல் சூடு 37 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. குறைக்க வேண்டியது வளர்சிதை மாற்றத்தை. உண்ட உணவைப் பிராணவாயுவுடன் சேர்த்து மெல்ல எரித்துச் சக்தியாக்கும் உடலின் வேலை அது. அடுப்பை அணைத்துவிடக் கூடாது. நீறு பூத்த நெருப்பாக வைத்திருக்க வேண்டும்.

இந்த வித்தையில் கைதேர்ந்தது அலாஸ்காவில் வாழும் ஆர்க்டிக் தரை அணில். ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் அது வளைக்குள் சுருண்டு கிடக்கிறது. நிமிடத்திற்கு 200 தடவைக்கு மேல் துடிக்கும் இதயம் பத்துக்கும் கீழே இறங்குகிறது. அதன் வயிற்றுப் பகுதி உறைநிலைக்கும் கீழே, அதாவது மைனஸ் 2.9 டிகிரி வரை குளிர்வதை, அலாஸ்காப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் பார்ன்ஸ் 1989இல் அறிவித்தார். அப்படியும் அதன் இரத்தம் உறைந்து பனிக்கட்டியாகவில்லை. தலைப்பகுதி மட்டும் வயிற்றைவிடச் சற்று வெப்பமாக இருக்கும்.

உடல் பிழைத்துவிடுகிறது. மூளை?

மனிதனின் மூளை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சமையலறையில் சிக்கனம் என்று வந்தால் பெருந்தீனிக்காரனின் இலையில்தான் முதலில் கைவைக்க வேண்டியிருக்கும் அல்லவா? அதுதான் நடக்கிறது. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள புஷ்சினோ நகர விஞ்ஞானிகள், துயிலும் தரை அணில்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். நினைவுகளைப் பதிய வைப்பதில் முக்கியமான பகுதி இது. அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகள், கவாத்து செய்த செடிபோலச் சுருங்கிக் குட்டையாகியிருந்தன. விழித்த அணிலைப் பார்த்தபோதோ, இரண்டே மணி நேரத்தில் கிளைகள் மீண்டும் நீண்டிருந்தன! அல்ஸைமர் நோயாளிகளின் மூளையில் காணப்படுவது போன்ற ஒரு மாற்றம் 'டௌ' என்ற புரதத்தில் துயிலின்போது ஏற்பட்டு, விழித்ததும் மறைவதை ஜெர்மானிய விஞ்ஞானிகள் 2003இல் கண்டார்கள். நோயாளிக்குத் திரும்பாத ஒன்று அணிலுக்குத் திரும்பிவிடுகிறது. இதை நினைத்தால் எனக்கு விண்வெளியைவிட இதுவே பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது.

கிளைகள் மீண்டும் நீண்டுவிட்டால் போதுமா? பழைய நினைவுகளும் அதே இடத்தில் இருக்குமா? ஐரோப்பியத் தரை அணில்களிடம் இதைச் சோதித்து, வியன்னா விஞ்ஞானிகள் 2001இல் முடிவை வெளியிட்டார்கள். கோடையில் அவற்றுக்குச் சிக்கலான பாதையொன்றில் வழி கண்டுபிடிக்கவும், ஓர் எந்திரத்திலிருந்து தீனி பெறவும் கற்றுக்கொடுத்தார்கள். குளிர்காலத்தில் ஒரு பிரிவைத் துயில விட்டு, இன்னொரு பிரிவை வெதுவெதுப்பான அறையில் விழித்திருக்கச் செய்தார்கள். வசந்தம் வந்தது. விழித்திருந்தவை பாடத்தை மறக்கவில்லை. துயின்று எழுந்தவை தடுமாறின. ஆனால் பழகிய அணில் எது, புதிய அணில் எது என்பதைத் துயின்றவையும் சரியாகவே கண்டுகொண்டன.

எல்லாப் பிராணிகளும் இப்படி மறப்பதில்லை. வௌவால்களுக்கு மூன்று கிளைகள் கொண்ட பாதையில் இரையைத் தேடப் பழக்கி, சிலவற்றை 7 டிகிரிக் குளிரில் இரண்டு மாதம் துயில விட்டார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, துயின்றவையும் துயிலாதவையும் ஒரே மாதிரித் தேறின. ஆகவே மனிதன் எந்தக் கட்சி என்று அணிலையோ வௌவாலையோ மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு வேடிக்கை. தரை அணில் மாதக்கணக்கில் ஒரேயடியாகக் கிடப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, சேர்த்து வைத்த கொழுப்பை எரித்து, உடலை 37 டிகிரிக்கு ஏற்றுகிறது. இவ்வளவு செலவு செய்து எழுந்து அது என்ன செய்கிறது தெரியுமா? பெரும்பாலும் தூங்குகிறது! அதிகக் குளிரில் மூளையின் மின்னலைகள் அடங்கிவிடுவதால் நாம் அறிந்த உறக்கம் அங்கே நிகழ்வதில்லை. உறக்கக் கடன் ஏறிக்கொண்டே போகிறது, அதைத் தீர்க்கவே அணில் சூடேறுகிறது என்று 1991இல் சிலர் விளக்கம் கூறினர். எல்லோரும் இதை ஏற்கவில்லை. எப்படியானாலும், மாதக்கணக்கில் துயின்ற வீரர் நன்றாக ஓய்வெடுத்தவராக எழுவார் என்று எண்ணிவிடக் கூடாது.

மனிதனை இந்த நிலைக்குக் கொண்டு செல்வதும் எளிதன்று. இதயம் நின்று பிழைத்த நோயாளிகளை 32 முதல் 34 டிகிரிக்குக் குளிர்விக்கும் சிகிச்சை, 2002இல் இரண்டு ஆய்வுகள் வெளியானபின் பரவியது. அதன் பலனைப் பற்றிப் பின்னர் 2013, 2021ஆம் ஆண்டு ஆய்வுகள் ஐயம் எழுப்பின. அங்கே உடல் குளிரை எதிர்த்து நடுங்குகிறது. அதை மருந்து கொடுத்து அடக்க வேண்டும். தரை அணிலோ தானாகவே தன் சூட்டு அளவைக் கீழே திருப்பி வைக்கிறது. அந்தத் திருகு மூளைக்குள் இருக்கிறது. இயல்பாகக் குளிர்காலத் துயில் கொள்ளாத எலிகளிடம், மூளைத் தண்டின் ஒரு பகுதியை மருந்தால் அடக்கி இத்தகைய மந்த நிலையை இத்தாலியின் பொலோனாவில் 2013இல் உண்டாக்கினார்கள். 2020இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தார், சுண்டெலிகளின் ஹைப்போதாலமஸில் சில நரம்பணுக்களைத் தூண்டி அதைச் சாதித்தனர். அவை எழுந்தபின் குறிப்பிடத்தக்க கெடுதல் ஒன்றும் தென்படவில்லை.

ஆனால் சுண்டெலியிடம் கலத்தை இறக்கச் சொல்வார் யாருமில்லை! எச்சரிக்கை மணி அடிக்கிறது, காற்று கசிகிறது என்று வையுங்கள். செவ்வாய்க்கு அருகிலிருந்து பூமியைக் கேட்டால், கேள்வி வந்து சேரவே 20 நிமிடங்கள்வரை ஆகலாம். தரை அணில் சூடேறி எழ இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். வீரரின் கைகள் அதற்குள் அசையலாம்; எந்தத் திறப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று புறப்படுமுன் படித்தது நினைவில் இருக்க வேண்டுமே. அதனால்தான் முறை வைத்து ஒருவராவது விழித்திருக்கும் திட்டங்களும் பேசப்படுகின்றன.

ஆராய்ச்சியாளர்கள் இப்போது அணிலைவிடக் கரடியைக் கவனிப்பதற்கும் இதுவே காரணம். அலாஸ்காவின் கருங்கரடி 30 டிகிரிக்கு மேலேயே நின்றுகொண்டு, வளர்சிதை மாற்றத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவதை 2011இல் அளந்தார்கள். நமக்கு இன்னும் நெருங்கிய உறவினரும் உண்டு: மடகாஸ்கர் தீவின் கொழுத்த வால் குள்ள லெமூர். குரங்கினத்தின் தூரத்துச் சொந்தமான இது, மரப்பொந்தில் ஏழு மாதம் துயில்கிறது. பொந்து வெயிலில் காய்ந்து அதன் உடல் பகலில் 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில், அது அணிலைப்போல இடையிடையே எழுந்து சூடேறுவதே இல்லை. அந்த வெதுவெதுப்பில், துயிலுக்குள்ளேயே, அதன் மூளையில் உறக்கத்தின் மின்னலைகள் தோன்றுவதை 2013இல் பதிவு செய்திருக்கிறார்கள்.