தேநீர்க் கெண்டியில் பெட்ரோல்!



தேநீர்க் கெண்டியில் தேநீர் இருக்கும், பெட்ரோல் இருக்குமா? கியா பார்ம் பக்கம் கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டிமாரிடம் இப்படிக் கேட்டால், "என்ன சார், விளையாடுறீங்களா?" என்பார்கள். ஆனால் உண்மை!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸில்லா என்ற சிற்றூருக்கு அருகே 1922-ஆம் ஆண்டில் ஒரு பெட்ரோல் நிலையம் எழுந்தது. வட்டமான சுவர், கூம்பு போன்ற கூரை, ஒரு பக்கம் தகரக் கைப்பிடி, மறுபக்கம் சிமெண்ட் மூக்கு. அசல் தேநீர்க் கெண்டியேதான்! 'டீபாட் டோம்' என்ற எண்ணெய் வயலைக் குத்தகைக்கு விட்டதில் அமைச்சர் ஒருவர் லஞ்சம் வாங்கிய ஊழலைக் கேலி செய்யவே இந்த வடிவம்.

மோட்டார் வண்டி பிறந்த புதிதில் இதற்கென்று தனிக் கட்டடம் ஏது? 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் செய்த வண்டியில் நெடும்பயணம் போனபோது, வழியில் ஒரு மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார். 1913 டிசம்பர் 1-ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் நிறுவனம், வண்டி நேரே உள்ளே வந்து எண்ணெய் நிரப்பிச் செல்லும் நிலையத்தைத் திறந்தது. பிறகு போட்டி வந்தது. ஓடும் வண்டியில் இருப்பவர் கண்ணில் தூரத்திலேயே பட வேண்டுமே! ஒருவர் வீடு போலக் கட்டினார். இன்னொருவர் கெண்டி போலக் கட்டினார். எரித்திரியாவின் அஸ்மாரா நகரில் 1938-இல் கட்டிய நிலையம், சிறகு விரித்த விமானம் போலவே இருக்கிறது. அந்தச் சிறகுகளுக்குக் கீழே தூணே கிடையாது!

சாலை மாறினால் இந்தக் கட்டடங்களுக்கு வேலை போய்விடும். ஸில்லா கெண்டியும் நெடுஞ்சாலைக்காக இடம் பெயர்ந்தது; கடைசியில் பூட்டிக் கிடந்தது. ஊரார் விடவில்லை. 2012-இல் அதை ஊருக்குள் கொண்டுவந்து, பயணிகளுக்குத் தகவல் தரும் நிலையமாக்கினார்கள்.

கனடாவின் மொன்ட்ரியலில், மீஸ் வான் டெர் ரோ என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த நிலையம் 2008-இல் மூடப்பட்டது. அதையும் இடிக்கவில்லை. இன்று அது ஒரு பக்கம் இளையோரும் மறுபக்கம் முதியோரும் கூடும் மன்றம். ஆனால் இப்படி மாற்றுவது சுலபமல்ல. பெட்ரோல் நிலையத்தின் அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும். அது கசிந்தால் மண்ணும் கிணற்று நீரும் கெடும். எனவே தொட்டியைத் தோண்டியெடுத்து, மண்ணைச் சோதித்த பிறகே மக்கள் புழங்க முடியும். அத்தனை சிரமத்தையும் அவர்கள் பட்டிருக்கிறார்கள்.

பெட்ரோல் விற்ற இடத்துக்கே இந்த மரியாதை என்றால், நம்மை வளர்த்த இடத்துக்கு?

விடியற்காலையில் என் அம்மா என்னை விட்டுவிட்டு மலைக்கு ஏறிய ஆயாக் கொட்டகை இன்று இல்லை. பலகை விறகானது, தகரம் கோழிக்கூண்டானது. ஒரு புகைப்படம்கூட என்னிடம் இல்லை. "தொட்டில் எங்கே சார் கட்டுவாங்க?" என்று மாணவன் ஒருவன் கேட்டபோது, கரும்பலகையில் நானே கோடு போட்டுக் காட்டினேன்.

உங்கள் தோட்டத்தில் பழைய ஆயாக் கொட்டகையோ, மருந்துக் கொட்டகையோ, பழைய பள்ளிக்கூடமோ இன்னும் நிற்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய்ப் படம் எடுங்கள். யார் கட்டியது, யார் வேலை பார்த்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கூரை நன்றாக இருந்தால், பிள்ளைகள் மாலையில் படிக்க அந்த இடத்தைத் தரும்படி நாலு பேர் சேர்ந்து நிர்வாகத்திடம் கேளுங்கள். இடிக்க லோரி வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.