பழைய வேட்டைத் துப்பாக்கியின் உதிரி பாகங்கள்: நெகிரி செம்பிலான் தோட்டத்தார் அறிந்திருக்க வேண்டிய சட்டமும் பாதுகாப்பும்

நெகிரி செம்பிலானின் லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் போன்ற தோட்டங்களில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட பின்னரும் காட்டுப்பன்றியின் தொல்லை ஓயவில்லை. இளஞ்செம்பனையின் குருத்தைத் தோண்டித் தின்னும் இவ்விலங்கை விரட்டுவதற்காகவே தோட்ட நிர்வாகங்களும் சிறுதோட்டக்காரர்களும் வேட்டைத் துப்பாக்கிக்கு உரிமம் பெற்று வந்துள்ளனர். உழைப்பாளர் வாய்வழக்கில் ‘செனாப்பாங் பாத்தா’ எனப்படுவது, குழலை நடுவில் மடக்கித் திறந்து தோட்டாவை இடும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கியாகும். 1948இல் தொடங்கி 1960இல் முடிந்த அவசரகாலத்தில் ஊர்க்காவல் படையினருக்குப் பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கிகளே வழங்கப்பட்டதால், இந்தக் கருவி தோட்டப்புறத்துக்கு மூன்று தலைமுறைகளாகப் பழகிய ஒன்றாயிற்று. பழகிய பொருள் என்பதாலேயே அதன் ஊசியோ ஸ்பிரிங்கோ ஒடிந்தால் மோட்டார் சைக்கிளுக்கு உதிரி தேடுவது போலத் தேடத் தொடங்கிவிடுகின்றனர். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இத்தகைய துப்பாக்கிகளைச் செய்த தொழிற்சாலைகள் பல இன்று இல்லை. பர்மிங்ஹாமின் கிரீனர் நிறுவனம் 1965இல் வெப்லி அண்ட் ஸ்காட்டிடம் சேர்ந்தது. வெப்லி அண்ட் ஸ்காட்டும் 1979இல் துப்பாக்கித் தயாரிப்பைக் கைவிட்டது. அமெரிக்காவின் வின்செஸ்டர் 37 என்னும் ஒற்றைக்குழல் வகை 1963இலேயே நின்றுபோனது. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் என்ற பழைய நிறுவனம் 1986இல் மூடப்பட்டது. எனவே கடையில் புதிய பாகம் கிடைப்பது அரிது. பட்டறையில் லேத்தில் கடைந்து செய்வது, வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைப்பது, உதிரிக்காக இன்னொரு பழைய துப்பாக்கியை வாங்கிப் பிரிப்பது என்னும் மூன்று வழிகளே பலருக்குத் தோன்றுகின்றன. மூன்றும் சட்டத்தின் முன் வெவ்வேறு அளவில் குற்றமாகக்கூடியவை.

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் (சட்டம் 206) ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் வரையறையில், சுடக்கூடிய குழலுடைய கருவி மட்டுமன்றி அதன் உறுப்புப் பாகமும் அடங்குகிறது. அதாவது, கையில் இருப்பது முழுத் துப்பாக்கியா, அதன் குழல் மட்டுமா என்பது, உரிமம் தேவையா என்ற கேள்விக்குப் பெரிய வேறுபாட்டைத் தருவதில்லை. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவருக்கு அச்சட்டத்தின்கீழ் 7 ஆண்டு வரை சிறையோ 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 1971ஆம் ஆண்டின் சுடுகலன் (கூடுதல் தண்டனை) சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாகச் சுடுகலன் வைத்திருப்பதற்கு அது 14 ஆண்டு வரை சிறையையும் குறைந்தது ஆறு பிரம்படிகளையும் விதிக்கிறது. இரண்டுக்கு மேற்பட்ட சுடுகலன்களைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவர் ஆயுதக் கடத்தலில் ஈடுபட்டவர் என்று அனுமானிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. அது மரண தண்டனை வரை செல்லக்கூடிய குற்றம். உதிரிக்காகப் பழைய துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைக்கும் மனிதர், தமக்குத் தெரியாமலேயே இந்த எல்லையை நெருங்குகிறார். அவர் எண்ணம் தூய்மையானது என்பதை நீதிமன்றத்தில் நிறுவும் பாரம் பெரிதும் அவர் தலையிலேயே விழும்.

பட்டறைக்காரரின் நிலையும் இரக்கத்துக்குரியதே. சிரம்பானிலோ பகாவிலோ டிராக்டர் அச்சைச் சரிசெய்து பிழைப்பவர், நண்பர் கேட்டாரென்று ஒரு சுடும் ஊசியைக் கடைந்து தந்தால், உறுப்பும் ஆயுதமே என்னும் வரையறையின்படி அவர் உரிமமின்றி ஆயுதம் தயாரித்தவராகவோ பழுதுபார்த்தவராகவோ கருதப்பட இடமுண்டு. துப்பாக்கி விற்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் பெற்றவர்களே அதைச் செய்யலாம். வெளிநாட்டுப் பொட்டலத்துக்கும் இதே நிலைதான்: இறக்குமதிக்கு இங்கே காவல்துறையின் முன்னனுமதியும், பல நாடுகளில் ஏற்றுமதிக்கு அந்நாட்டின் அனுமதியும் தேவைப்படுகின்றன, சுங்கத்தில் பொட்டலம் பிடிபட்டால், விற்றவர் அனுமதி தேவையில்லை என்று சொன்னார் என்பது தற்காப்பாகாது.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டாலும், பொருந்தாத பாகம் சுடுபவரின் முகத்துக்கு மிக அருகில் வெடிக்கக்கூடியது. பழைய பிரிட்டிஷ் இரட்டைக்குழல்களில் பல, ஒவ்வொன்றும் கையால் அராவிப் பொருத்தப்பட்டவை என்பதால், அதே பெயரும் அதே மாதிரி எண்ணும் கொண்ட வேறொரு துப்பாக்கியின் குழல்கூட இதில் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பூட்டு தளர்ந்தால் தோட்டாவின் அடிப்பகுதிக்குப் பின்னால் இடைவெளி விழுந்து, வெடிப்பின் வாயு பின்புறமாகச் சீறலாம். தோட்டாவின் நீளமும் கவனிக்க வேண்டியதாகும்: முற்காலத்துப் பல குழல்களின் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்றே வெட்டப்பட்டது, இன்று பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா அதனுள் நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது விரியும் அதன் வாய்க்கு இடமின்றி அழுத்தம் அளவுமீறி எழும். இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்துச் செய்த டமாஸ்கஸ் குழல்களின் மேற்பரப்பில் கோலம்போன்ற வரிகள் தெரியும். பெரும்பாலும் கரும்பொடி வெடிமருந்துக்கென உருவான அவற்றில் நவீனத் தோட்டாவை இடுவது உயிரோடு விளையாடுவதாகும். பர்மிங்ஹாமிலும் லண்டனிலும் உள்ள சோதனைக்கூடங்கள் குழலில் பொறித்த முத்திரைகளைக் கொண்டு, எந்த அழுத்தத்துக்கு அது சோதிக்கப்பட்டது என்பதை உரிமம்பெற்ற பழுதுபார்ப்பவர் கணிக்க முடியும். குழலின் எண் உரிமத்தில் பதிவான எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அவரே முதலில் பார்ப்பார். ஆகவே பழுதான துப்பாக்கியோடு அணுக வேண்டிய முதல் ஆள் அவர். குழல் போன்ற அடையாளப் பாகம் மாறுமானால், வேலை தொடங்குமுன்பே உரிமம் வழங்கிய காவல் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, மறுமொழியையும் எழுத்திலேயே பெறுவது நல்லது. பழுதுபார்ப்பவர் சரிசெய்ய முடியாதென்று சொன்னால், அந்தத் துப்பாக்கியின் காலம் முடிந்ததென்று ஒப்புக்கொண்டு காவல்துறையிடம் ஒப்படைத்து ரசீது பெறுவதே மிஞ்சும் வழி. சுடுவதற்கான காவல்துறை உரிமம் வேட்டைக்கான அனுமதியாகாது என்பதும், அதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை அணுக வேண்டும் என்பதும் அடிக்கடி மறக்கப்படுகின்றன.

தோட்டக் காவலாளியின் உரிமை தனியாகப் பேசப்பட வேண்டியது. துப்பாக்கியின் உரிமம் நிர்வாகத்தின் பெயரில் இருந்தாலும், அதை ஏந்திச் செல்லும் ஜாகாவுக்குத் தம் பெயரில் பெர்மிட் வேண்டும்; மானேஜர் வாய்மொழியாகக் கொடுத்த உத்தரவு அதற்கு ஈடாகாது. பழுதான துப்பாக்கியைத் தந்து காவலுக்கு அனுப்பினால் அவர் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், உடனடி ஆபத்தை முதலாளி நீக்கத் தவறும்போது அந்த இடத்தையோ வேலையையோ விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்கு அளிக்கிறது. முறையீட்டைத் தொழிற்சங்கத்தின் வழியாக எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது பின்னர் உதவும். வேலையின்போது காயம் நேர்ந்தால், முதலாளி அறிந்த 48 மணி நேரத்துக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். துப்பாக்கி பழுது என்பதை மறைப்பதற்காக அறிக்கையைத் தள்ளிப்போடச் சொன்னால் உடன்படக்கூடாது.

தந்தை இறந்த பின் பரணில் கிடைக்கும் துப்பாக்கியே குடும்பங்களை அதிகம் அலைக்கழிக்கிறது. உரிமம் ஆளுக்குரியது, வாரிசுக்குத் தானாக மாறுவதில்லை. 2012இல் நீக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிமமற்ற துப்பாக்கிக்குக் கட்டாய மரண தண்டனை இருந்த காலத்தின் அச்சம் முதியோர் நெஞ்சில் இன்னும் மாறவில்லை. ஆதலால் ஆற்றில் எறிவதும் மண்ணில் புதைப்பதும் நடக்கின்றன. அதனால் காவல்துறைப் பதிவேட்டில் அந்தத் துப்பாக்கி அக்குடும்பத்தின் பெயரிலேயே தொடர்ந்து நிற்கும் என்பதை அவர்கள் கருதுவதில்லை. அதைத் தாமே பைக்கில் கட்டி எடுத்துச் செல்லாமல், பூட்டிய அறையில் வைத்துவிட்டு, இறப்புச் சான்றிதழையும் பழைய உரிமத்தையும் கொண்டு அருகிலுள்ள காவல் நிலையத்தில் தாமதமின்றித் தெரிவித்து, வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்பது பாதுகாப்பானது.

எவரேனும் கைதானால், கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவின்படி கைதுக்கான காரணத்தை அறியவும், தாம் தேர்ந்த வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் அவருக்கு உரிமையுண்டு. வழக்கறிஞருக்குச் செலவிட வசதியில்லாத குடிமக்கள், 2012இல் செயல்படத் தொடங்கிய தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞரைக் காவல் நிலையத்திலேயே கேட்கலாம். அவர் வரும்வரை, அந்தப் பாகம் யாருடையது, எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு விளக்கம் தருவதைத் தள்ளிவைப்பது அறிவுடைமை.