தள்ளுவண்டித் தூரம்

முதல் ஐந்து வயது – 9

இங்கிலாந்தில் ஷூர் ஸ்டார்ட் என்ற சிறுகுழந்தைகள் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் மைல், கிலோமீட்டர் என்று அளப்பதில்லை. ‘பிராம் தள்ளும் தூரம்’ என்பார்கள். கைக்குழந்தையை வண்டியில் படுக்கவைத்து, பேருந்துக்குக் காசு கொடுக்காமல், மழை பிடித்துக்கொள்வதற்குள் ஒரு தாய் நடந்து போய்ச் சேரக்கூடிய தூரம். நமக்குத் தள்ளுவண்டி என்றால் இட்லிக்கடையும் கொய்யாப்பழமும்தான். அங்கே அரசுத் திட்டம் ஒன்றின் எல்லையையே குழந்தைவண்டியை வைத்துப் போட்டார்கள்.

போன வாரம் பார்த்த அமெரிக்க ஹெட் ஸ்டார்ட் திட்டத்துக்கு ஷூர் ஸ்டார்ட் தங்கை முறை. பிறந்த வீடுதான் விசித்திரம். பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொள்ளும் துறையிலோ மருத்துவமனைகளைப் பார்த்துக்கொள்ளும் துறையிலோ அது பிறக்கவில்லை. எதைக் கேட்டாலும் கையை விரிக்கும் நிதித் துறையில் பிறந்தது. 1997-இல் டோனி பிளேர் ஆட்சிக்கு வந்ததும், சின்னக் குழந்தைகளுக்கு எந்தத் துறை என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை நார்மன் கிளாஸ் என்ற நிதித்துறைப் பொருளாதார வல்லுநரிடம் வந்தது. அவர் கண்டது இதுதான்: எல்லாத் துறையும் ஏதோ செய்கிறது, ஆனால் ஒன்று செய்வது இன்னொன்றுக்குத் தெரியாது. அதோடு, நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைவாகப் போய்ச் சேருகிறது.

பேறுகாலம் பார்க்கும் செவிலியர் ஒரு பக்கம். பிறந்த பிறகு வீடு தேடி வரும் ஹெல்த் விசிட்டர் (நம் கிராம சுகாதாரச் செவிலியரைப் போன்றவர்) இன்னொரு பக்கம். பேச்சு வராத பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பவர், வீட்டு வாடகை உதவித்தொகை தருபவர், வேலைவாய்ப்பு அலுவலகம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். காசுள்ளவர்கள் இதையெல்லாம் காரில் சுற்றி முடித்துவிடுவார்கள். இல்லாத வீட்டில், ஒரு துறையின் காகிதத்தை இன்னொரு துறைக்குச் சுமந்துபோவது இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற அம்மாதான். அந்த நடையை அம்மாவிடமிருந்து வாங்கி அரசு நடக்க வேண்டும். ஷூர் ஸ்டார்ட் என்ற யோசனை அவ்வளவுதான்.

இதற்கு ஒரு முன்னோடி இருந்தது. கோர்பி என்ற எஃகு ஆலை ஊர். ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த அந்த ஊரில் 1980-இல் எஃகு உற்பத்தி நின்று, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1983-இல் அங்கே பென் கிரீன் என்ற குழந்தைகள், குடும்பங்களுக்கான மையம், பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் தொடங்கியது. உள்ளூர்க்காரர்கள் முதலில் அதை எதிர்த்தார்கள். ‘பிரச்சினைக் குடும்பங்களுக்கான இடம்’ என்ற முத்திரை தங்கள் மேல் விழுவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. நியாயம்தானே? ஏழை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு எந்த வாசலுக்குள் யார் நுழைவார்கள்?

ஷூர் ஸ்டார்ட்டில் எனக்கு ஆகப் பிடித்த அம்சமும் இதைத் தொட்டதுதான். பேட்டையைத் தேர்ந்தெடுத்தது வறுமையை வைத்து. ஆனால் பேட்டைக்குள் வந்த பிறகு யாரிடமும் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. அந்தத் தெருக்களில் நான்கு வயதுக்குள் பிள்ளை இருக்கிறதா, உள்ளே வரலாம். ஒரு பெண் குழந்தைக்கு எடை பார்க்க வருவாள். பக்கத்து அறையில் பிள்ளைகள் விளையாடுகின்றன, உட்காருவாள். நாலு வாரம் கழித்து, தேநீர் குடித்துக்கொண்டே, கந்துவட்டிக் கடன் ஒன்று கழுத்தை நெரிப்பதைச் சொல்வாள். அதற்கு ஆலோசனை சொல்பவர் அதே கட்டடத்தில் வியாழக்கிழமை வருவார். கடன் ஆலோசனைக்கு என்று பலகை மாட்டியிருந்தால் அவள் அந்தப் படியையே ஏறியிருக்க மாட்டாள். மையத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவுசெய்த குழுக்களில் பெற்றோரும் உட்கார்ந்தார்கள்.

இதைப் படிக்கிற அங்கன்வாடிப் பணியாளர் யாராவது இருந்தால் சிரித்திருப்பார். சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்து ஆலோசனை என ஆறு சேவையையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரும் ஐ.சி.டி.எஸ். என்ற அங்கன்வாடித் திட்டம் இங்கே 1975-லேயே வந்துவிட்டது. ஆறையும் அநேகமாக ஒருவர் தலையில் கட்டிவிட்டோம் என்பது வேறு கதை. அதற்குத் தனி வாரம் இருக்கிறது.

கிளாஸ் நிதானமாக வளர்க்க நினைத்தார். முதல் இலக்கு 250 பேட்டைகள். கண் எதிரே நன்றாக ஓடுகிற ஒன்றை எந்த அமைச்சர் 250-இல் நிறுத்துவார்? 500 தாண்டியது. பிறகு ‘குழந்தைகள் மையம்’ என்று பெயர் மாறி, உள்ளாட்சி மன்றங்களின் கைக்குப் போய், 2010-இல் 3,500-ஐ எட்டியது. பெருகப் பெருக ஒவ்வொரு மையமும் மெலிந்தது. தாய்மாரை வேலைக்கு அனுப்புவதற்கான பிள்ளைக்காப்பகம் என்ற நோக்கம் முன்னே வந்தது. 2005 ஜனவரியில் கார்டியன் நாளிதழில், இது நான் வரைந்த திட்டமே இல்லை என்ற தொனியில் கிளாஸே எழுதினார்.

அதே ஆண்டு இன்னொரு அடி. திட்டத்தை மதிப்பிட்ட ஆய்வாளர்கள், மிகவும் நொடித்த குடும்பங்களின் குழந்தைகள் (பதின்வயதுத் தாய்மார், தனித்து வளர்ப்பவர்கள், வேலையில்லாத வீடுகள்) சில அளவுகளில் மற்ற இடத்துப் பிள்ளைகளைவிடச் சற்றுப் பின்தங்கியிருப்பதாகச் சொன்னார்கள். கொஞ்சம் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சேவைகளை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. மையங்கள் பல அப்போதுதான் நிலைகொண்டிருந்தன. 2008-இல் அதே குழு திரும்பப் பார்த்தபோது நல்ல மாற்றங்கள் தெரிந்தன. ஆனால் முதல் செய்திதான் பலர் மனதில் தங்கியது.

2010-க்குப் பிறகு சிக்கன ஆட்சி. ஷூர் ஸ்டார்ட்டுக்கு என்று தனியாகக் கட்டிவைத்த பணத்தின் முடிச்சு அவிழ்ந்தது. 2017-18க்குள் செலவில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று, மையங்களும் மூடப்பட்டன. அதன் பிறகும் மூடல் நிற்கவில்லை. 1,400-க்கு மேற்பட்ட மையங்கள் மூடப்பட்டுவிட்டன.

மையங்கள் பல மூடிய பிறகுதான் விளைச்சல் கணக்கு வந்தது. லண்டனில் உள்ள நிதி ஆய்வு நிறுவனமான ஐ.எஃப்.எஸ்., மருத்துவமனைப் பதிவேடுகளையும் தேர்வு முடிவுகளையும் பொறுமையாகத் தோண்டியது. 2021 அறிக்கையில் ஒரு முரண். மையம் இருந்த இடங்களில் ஒரு வயதுக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை, சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது! ஓர் ஆண்டில் கணக்கை மூடுகிற அதிகாரி ‘திட்டம் தோல்வி’ என்று எழுதி முடித்திருப்பார். நடந்தது என்ன? ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது. பிள்ளைகள் ஒன்றாக விளையாடியதில் சளி, காய்ச்சல் தொற்றியது. இன்னொன்று, முன்பு வீட்டிலேயே கிடந்திருக்கும் பிள்ளையை யாரோ பார்த்து, ‘டாக்டரிடம் தூக்கிப் போ’ என்று சொல்லியிருந்தார்கள். அதே பிள்ளைகள் 11 முதல் 15 வயதை எட்டும்போது, ஆண்டுக்கு 13,000-க்கு மேற்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைகள் தவிர்க்கப்பட்டிருந்தன.

2024-இல் தேர்வுக் கணக்கு. 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ., நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகளில், ஐந்து வயதுக்குள் மையத்துக்கு அருகே வாழ்ந்தவர்கள் மொத்தமாக மூன்று தரப்படிகள் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். ஐந்து பாடம் என்றால் மூன்றில் ஒவ்வொரு படி மேலே. இந்தப் பலன் முழுக்கவும் ஆரம்ப ஆண்டுகளில், நிறையப் பணத்தோடு, பெற்றோரை உட்காரவைத்து நடத்திய பேட்டை மையங்களிலிருந்து வந்தது. பிற்பாடு வந்த மையங்களில் அது தென்படவில்லை. பலகை ஒன்றுதான், கடை வேறு.

முதல் தலைமுறைப் பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதிய ஆண்டுகளில், அவர்களுக்கு எடை பார்த்த அறைகள் பல வேறு எதற்கோ வாடகைக்குப் போயிருந்தன. நார்மன் கிளாஸ் 2009-லேயே காலமாகிவிட்டார்.

2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு மறுபடி ஒரு பெயர் வைத்தது: பெஸ்ட் ஸ்டார்ட் குடும்ப மையங்கள். 2028-க்குள் 1,000 வரை திறப்பார்களாம். 3,500 இருந்த இடத்தில் 1,000 என்றால் பல தாய்மாருக்குப் பேருந்துக்காசு தேவைப்படும்.

(அடுத்த வாரம்: மூடாமல் காப்பாற்றிய வட அயர்லாந்து)