ஒரே வெட்டில் நூறு பனியன்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணியை ஒவ்வொன்றாக வெட்டுவது இல்லை. மேஜை மீது நூறு அடுக்காகக்கூட விரிப்பார்கள். மேலே அளவுக் காகிதம் வைப்பார்கள். பிறகு மின்சாரக் கத்தியை ஓட்டுவார்கள். நூறு பனியனுக்கும் துண்டுகள் தயார்!

எந்தக் கத்தி?

கையால் தள்ளும் கத்தி இரண்டு வகை. வட்டக் கத்தி சக்கரம் போலச் சுற்றும். சில அடுக்குகளுக்கு அது போதும். அடுக்கு உயர்ந்தால் ஆகாது. ஏன்? கத்தி வட்டமாக இருப்பதால் மேல் துணியும் அடித் துணியும் ஒரே இடத்தில் அறுபடாது. கழுத்து வளைவு மாறிவிடும்.

நேர்க் கத்தியோ தையல் ஊசி போல மேலும் கீழும் பாயும். மேலே விழும் வெட்டே அடியிலும் விழும். துணி வெட்டும் மின்சார எந்திரத்தை அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கம்பெனி 1888-ல் செய்தது.

கத்தி மழுங்கினால் துணி பிசிறும். சூடேறினால் பாலியெஸ்டர் துணியின் ஓரங்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும்.

விரல் பத்திரம்!

கத்தியின் முன்னால் உள்ள காவல் தகட்டைத் துணி மட்டம் வரை இறக்க வேண்டும். துணியை அழுத்தும் கையில் எஃகு வளையங்களால் பின்னிய உறை போட வேண்டும். "வேகம் குறையும்" என்று அதைக் கழற்றி வைப்பது ஆபத்து.

துணி வீணானால் வேறு துணி வாங்கலாம். விரல் போனால்?