அளவைச் சரிபார்க்கும் எஃகுக் கட்டைகள்

ஒரு மகிழுந்தில் ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ளன. அவை அனைத்தும் ஒரே தொழிற்சாலையில் உருவாவதில்லை. சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங் வட்டாரத்தில், சுங்கை சோவில் பெரோடுவா நிறுவனத்தின் தொழிற்சாலை அமைந்துள்ளது. 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1994இல் ‘கஞ்சில்’ என்னும் சிறிய மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. மகிழுந்துத் தொழிற்சாலை ஒன்றுக்குத் தேவையான திருகுகள், தண்டுகள், பற்சக்கரங்கள் முதலியவை பல்வேறு பட்டறைகளிலிருந்து வந்து சேர்கின்றன. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தொழிலாளர்கள் செய்த இரு பாகங்கள் எவ்வாறு ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றன? அதற்கு, எல்லாரும் ஒரே அளவைப் பின்பற்ற வேண்டும். அவ்வளவைப் பட்டறைக்குள் கொண்டு வருபவை அளவுக்கட்டைகள்.

இயந்திரங்கள் ரவாங்கிற்குப் புதியவை அல்ல. 1894ஆம் ஆண்டில் தம்புசாமி பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக இங்கு மின்னாக்கி ஒன்றை நிறுவினர். மலாயாவில் மின்சாரம் பயன்பாட்டிற்கு வந்த வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. அக்காலத்தில் ஓர் இயந்திரத்தின் பாகம் தேய்ந்துவிட்டால், தொழிலாளி புதிய பாகத்தை அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மீண்டும் ராவிச் சரிசெய்வதே பெரும்பாலும் வழக்கம். அவ்வாறு செய்த பாகம் அந்த ஓர் இயந்திரத்திற்கு மட்டுமே பொருந்தும்.

இந்நிலையை மாற்ற உதவியவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் ஜோகான்சன். அவர் எஸ்கில்ஸ்டூனா நகரிலிருந்த துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றினார். ஒவ்வோர் அளவையும் சோதிக்கத் தனித்தனிக் கட்டை செய்வதென்றால், கட்டைகளின் எண்ணிக்கைக்கு முடிவே இராது. பத்து இலக்கங்களைக் கொண்டு எந்த எண்ணையும் எழுதிவிடுகிறோம். அதுபோல, சில கட்டைகளைச் சேர்த்து எந்த அளவையும் உருவாக்க முடியாதா என்று அவர் எண்ணினார். 1896இல் அவ்வெண்ணம் ஓர் அளவுக்கட்டைத் தொகுதியாக வடிவம் பெற்றது. 102 கட்டைகள் கொண்ட அவருடைய தொகுதியால் சுமார் 20,000 அளவுகளை உருவாக்க முடிந்தது. மகிழுந்துத் துறையும் இதன் பயனை உணர்ந்தது. 1923இல் ஜோகான்சன் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனத்தில் இணைந்தார்.

அளவுக்கட்டை என்பது கடினமாக்கப்பட்ட எஃகினால் ஆன சிறிய செவ்வகக் கட்டை. அதன் எதிரெதிரான இரு முகங்களும் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருக்கும். அவ்விரு முகங்களுக்கும் இடையிலுள்ள தூரமே அக்கட்டையின் அளவு. எடுத்துக்காட்டாக, 37.485 மில்லிமீட்டர் தேவை என வைத்துக்கொள்வோம். கடைசி இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் 1.005 மி.மீ. கட்டையை எடுத்தால், மீதம் 36.48 மி.மீ. அடுத்து 1.48 மி.மீ. கட்டையை எடுத்தால், மீதம் 35 மி.மீ. அதற்கு 5 மி.மீ., 30 மி.மீ. கட்டைகள் போதும். நான்கே கட்டைகளில் அளவு கிடைத்துவிடுகிறது. கட்டைகளின் எண்ணிக்கை குறையக் குறையப் பிழையும் குறையும்.

கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மட்டும் போதாது. முகங்களை நன்கு துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, மெல்ல அழுத்தித் திருப்பிச் சேர்க்க வேண்டும். அப்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மேற்கட்டையைத் தூக்கினால் கீழ்க்கட்டையும் உடன் வரும். இதற்குக் காரணம் காந்தமோ பசையோ அன்று. முகங்கள் மிகவும் சமதளமாக இருப்பதால் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இடையிலுள்ள மிக மெல்லிய எண்ணெய்ப் படலமும் துணைபுரிகிறது. இடையே ஒரு தூசி இருந்தால் கட்டைகள் ஒட்டா. ஆகவே, ஒட்டுவதே தூய்மைக்கு ஒரு சோதனையாகவும் அமைகிறது.

பட்டறையில் இக்கட்டைகளுக்குப் பல பணிகள் உண்டு. மைக்ரோமீட்டர் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று இவற்றை அளந்து பார்த்து அறியலாம். சைன் பட்டை என்னும் கருவியோடு சேர்த்துக் கோணத்தையும் அமைக்கலாம். 100 மி.மீ. நீளமுள்ள சைன் பட்டையின் ஒரு முனையின்கீழ் 50 மி.மீ. உயரத்திற்குக் கட்டைகளை வைத்தால், பட்டை சரியாக 30 பாகை சாய்ந்து நிற்கும். சைன் 30 பாகையின் மதிப்பு 0.5 என்பதைக் கணிதப் பாடத்தில் கற்ற மாணவர்கள் இதன் காரணத்தை எளிதில் உணர்வர்.

இயந்திரத்தில் பொருளைத் தாங்கி நிறுத்துவதற்கு வேறு வகைக் கட்டைகள் உள்ளன. 1 அங்குலம், 2 அங்குலம், 3 அங்குலம் என மூன்று பக்க அளவுகள் கொண்டவை ‘ஒன்று இரண்டு மூன்று’ கட்டைகள். இவை பெரும்பாலும் இணையாகவே விற்கப்படுகின்றன. மில்லிங் இயந்திரத்தின் மேசையில் பொருளை உயர்த்தி வைக்கவும், செங்குத்தாக நிறுத்தவும் இவை பயன்படும். அளவுக்கட்டையின் அளவுக்கு இவை நுட்பமானவை அல்ல. தாங்கும் வேலைக்கு அளவுக்கட்டையைப் பயன்படுத்தினால், அதன் முகம் கீறிப் பாழாகிவிடும்.

வெப்பத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். அளவுக்கட்டையில் பொறிக்கப்பட்ட அளவு 20 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியது. ரவாங்கின் பகல் வெப்பமோ 30 பாகையைத் தாண்டும். 100 மி.மீ. எஃகுக் கட்டை 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.0115 மி.மீ. நீளும். அளக்கப்படும் பொருளும் எஃகாக இருந்து, இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், இரண்டும் ஒரே அளவில் நீள்வதால் பிழை பெரிதாகத் தோன்றாது. ஆனால் குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த கட்டையையும், அப்போதுதான் கடைந்தெடுத்த சூடான பாகத்தையும் ஒப்பிட்டால் அளவு தவறிவிடும். பொருள் அலுமினியமாக இருந்தால், அது எஃகைப்போல் இரு மடங்கு விரியும். ஆகவே, அனுபவமிக்க தொழிலாளர் இரண்டையும் ஒரே இடத்தில் சற்று நேரம் வைத்திருந்த பின்னரே அளப்பர். கட்டையை நெடுநேரம் கையில் பிடிக்கவும் மாட்டார். உடற்சூடு கட்டையை விரிக்கும். வியர்வையின் உப்பு துருவை உண்டாக்கும். வேலை முடிந்ததும் கட்டைகளைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் பூசிப் பெட்டியில் வைப்பதும் இதனாலேயே.

ஒரு கட்டை கைதவறித் தரையில் விழுந்தால் என்ன ஆகும்? அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு பிசிறு எழலாம். அக்கட்டையைக் கொண்டு சரிசெய்த கருவி தவறாகக் காட்டும். அக்கருவியால் அளந்த நூறு பாகங்களும் ஒரே மாதிரியாகத் தவறியிருக்கும். ஆயினும், அதே கருவியால் மீண்டும் சோதித்தால் எல்லாம் சரியென்றே தோன்றும். வேறொரு தொழிற்சாலையில் பாகங்கள் பொருந்தாதபோதுதான் உண்மை வெளிப்படும். எனவே, கட்டை விழுந்ததை உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கும் நேர்மையும் இத்தொழிலின் ஒரு திறனே.

இதனால்தான் பட்டறையின் கட்டைகளும் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளவுத்திருத்தக் கூடங்களுக்கு அனுப்பப்படுகின்றன. அக்கூடங்களின் கட்டைகள் அவற்றைவிட நுட்பமான கட்டைகளோடு ஒப்பிடப்படுகின்றன. மலேசியாவில் இவ்வரிசையின் உச்சியில் இருப்பது சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம். அங்கிருந்து இவ்வரிசை அனைத்துலக மீட்டரைச் சென்றடைகிறது. ஒளி, வெற்றிடத்தில் ஒரு விநாடியில் செல்லும் தூரத்தை 299,792,458 பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கே ஒரு மீட்டர் என 1983இல் வரையறுக்கப்பட்டது. சிறியதொரு பட்டறையில் கடையப்படும் தண்டும், கடல் கடந்து வரும் பற்சக்கரமும் முதன்முறையிலேயே பொருந்துவதற்கு, இந்த நீண்ட வரிசையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகச் செய்திருக்க வேண்டும்.