குல்மார்க் பனிச்சறுக்கு: புறப்படும் முன் சில கணக்குகள்

குடும்பத்துடன் பனிச்சறுக்குப் பழக விரும்புவோர் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. காஷ்மீரத்தில் குல்மார்க் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த புல்வெளி அது. அங்குள்ள கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி முதற்கட்டமாகக் கொங்தூரிக்கும், அடுத்து ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரமுள்ள அஃபர்வாட் மலைப்பகுதிக்கும் செல்கிறது. புதிதாகக் கற்போர்க்கு அடிவாரத்தின் இளஞ்சரிவுகளே போதும். சறுக்குப் பலகையும் காலணியும் அங்கேயே வாடகைக்குக் கிடைப்பதால், அவற்றை விலைக்கு வாங்குதல் வீண்செலவு.

செலவுக்கு ஓராண்டு முன்னரே தொடர் வைப்புக் கணக்கு தொடங்குவது நன்று. கடன் வழங்குவதே எங்கள் தொழிலின் ஒரு பகுதி எனினும், இன்பச் சுற்றுலாவுக்குத் தனிநபர் கடன் பெறுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பலரும் எண்ணிப் பாராத ஒன்று கைப்பேசி எண். பிற மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்டு எண்கள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை; போஸ்ட்பெய்டு எண்களே இயங்கும். வங்கிக் கணக்கில் பதிவான எண் பிரீபெய்டாக இருப்பின், ஸ்ரீநகரில் இறங்கியதும் ஓ.டி.பி. வருவது நின்றுவிடும். விடுதியில் வைஃபை இருந்தாலும் இக்குறை தீராது. அதே எண்ணைச் சில வாரங்களுக்கு முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளலாம். கணவன், மனைவி இருவர் கணக்கிலும் பயணத்தொகையைப் பிரித்து வைத்து, இருவரும் தத்தம் அட்டையை எடுத்துச் செல்வதும், ஓரளவு ரொக்கத்தை இரண்டு பைகளில் வைப்பதும் தக்க முன்னேற்பாடு.

அடுத்தது காப்பீடு. எங்கள் மேசைக்கு வருவோர் பிரீமியம் எவ்வளவு என்று கேட்கின்றனர். விலக்குகள் யாவை என்று கேட்பவர் அரிது. மருத்துவக் காப்பீட்டின் பொதுவான விலக்கு, சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுவோரையே குறிக்கிறது. பொழுதுபோக்காகச் சறுக்கும் பிள்ளையை அன்று. ஆனால் பயணக் காப்பீடும் தனிநபர் விபத்துக் காப்பீடும் அவ்வாறு ஒரே சீராக இருப்பதில்லை. சில பாலிசிகள் பனிச்சறுக்கை முற்றிலும் விலக்குகின்றன. சில, கூடுதல் பிரீமியம் பெற்று ஏற்கின்றன. கால் முறிந்த குழந்தையைக் கீழே கொண்டுவரும் வேளையில் இதைப் படிப்பதால் பயனில்லை. எனவே பாலிசியில் "பனிச்சறுக்கு" என்னும் சொல் எங்கே, எவ்வாறு வருகிறது என்று வாங்கும்போதே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். கூட்டம் அதிகமாயினும் எந்தக் கிளையிலும் அதைக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை அங்குள்ளோர் சில்லாய் கலான் என்பர். அந்நாள்களில் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பல பாகை இறங்கும். ஆயினும் குளிர் இருந்தால் பனி இருக்கும் என்பதில்லை. 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க் சரிவுகள் வெறுமையாகக் கிடந்தன. மாறாகப் பனி மிகுந்தால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும். ஆகவே பணம் திரும்பப் பெற இயலும் அறைகளையே தேர்ந்தெடுங்கள். அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முன் இரு நாள்களை ஒதுக்கி வையுங்கள். தங்மார்க்குக்கு மேல் உள்ள 13 கிலோமீட்டர் மலைப்பாதையில், சக்கரங்களில் சங்கிலி கட்டிய வண்டியே பனிக்காலத்துக்கு ஏற்றது.

உள்ளே பருத்தி ஆடை வேண்டா. அது வியர்வையைத் தேக்கி உடலைக் குளிரச் செய்யும். அறையில் புகாரி அடுப்பு எரியுமானால் காற்று வர வழி இருக்கட்டும். குளிரில் கைப்பேசியின் மின்சேமிப்பு விரைவில் தீரும். அதனை உட்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.